வாசிப்பவர் திருமேனிநாதன்

கடைசியாக நான் குருவம்மாளை உயிரோடு பார்த்தபோது அவள் இன்னொருத்தன் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். பேசும் புத்தகப் பெட்டியின் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தாள். பார்த்து என்று நான்தான் சொல்கிறேன், சர்க்கரையில் அவளுக்குக் கண் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. டீ வாங்கிட்டு வரட்டா என்று கேட்டேன். வாயால் பதில் சொல்லாமல் உள்ளங்கையை என் பக்கம் நிமிர்த்திக் காட்டினாள். பேசாதீங்க, முக்கியமான இடம் ஓடுது என்று அதற்கு அர்த்தம். வீட்டிலும் அப்படித்தான் காட்டுவாள். டிராஃபிக் போலீஸ் லாரியை நிறுத்துகிற மாதிரி. நானும் லாரி மாதிரி நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன், வாசலில் திரும்பிப் பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரிய, தோள் குலுங்க. டீயோடு வந்து பார்க்கும்போது கை போர்வை மேல் கிடந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து டீயை மூடி வைத்தேன். பெட்டி பேசிக்கொண்டே இருந்தது, ஒயர் வழியாகக் கொசு மாதிரி சத்தம் வந்தது, நர்ஸ் வந்து கண்ணிமையை விரித்துப் பார்த்துவிட்டு ஒயரைக் கழற்றும் வரை அவன் நிறுத்தவில்லை. நிறுத்த அவனுக்கு என்ன தெரியும். நான் கடைத்தெருவில் சில்லறைக்காக நின்றிருந்தபோது அவன்தான் அவள் காதுக்குள் இருந்தான். கடைசியாக அவளுக்கு எதைச் சொன்னான்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பெட்டி நின்ற இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நான் வார்டை விட்டுக் கிளம்பியபோது கதையில் ரயில்வே கேட்காரன் மனைவி ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தாள், நர்ஸ் நிறுத்தியபோது கேட்காரனுக்கு மேலதிகாரியிடமிருந்து ஆள் வந்திருந்தான். நடுவில் எந்த வரி? அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். ஆடு பச்சைக்கொடியைத் தின்றுவிடுகிறது, அதற்குத்தான் சிரித்திருப்பாள், அதற்கப்புறம் கேட்காரன் மனைவி மழையில் தண்டவாளத்தைத் தாண்டுகிறாள், அது வரைக்கும் இருந்தாளா, தாண்டினாளா. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே மாதிரி வாசிக்கிறான். ஒரு வரியில் கூடக் குரல் தடுமாறவில்லை.

இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதற்காகத்தான் இன்றைக்கு நூலகத்துக்கு வந்தேன். பெட்டி, ஒயர், அவள் பெயர் போட்ட அட்டை, எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தேன். அவன் வீட்டை விட்டுப் போகட்டும். நான் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்த ஆளை வெளியே அனுப்புகிற மாதிரிதான். பார்வையற்றோர் பிரிவு கீழ்த்தளத்தில் செய்தித்தாள் படிக்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே ஜெபராணி என்று ஒரு அம்மா, பெட்டிகளையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறாள். வாசலில் நுழைந்து வாயைத் திறப்பதற்குள், "வாங்க அண்ணாச்சி, இப்பத்தான் உங்களை நினைச்சேன். புதுசா பேசும் புத்தகம் நிறைய வந்திருக்கு. அம்மாவோட ஆளு மூணு வாசிச்சிருக்காரு. கேட்காரன் கதை ரெண்டாம் பாகம் வேற" என்றாள். அம்மாவோட ஆளு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், குருவம்மாளே அப்படித்தான் சொல்வாள், "ஏங்க, நம்ம ஆளு ஏதும் புதுசா வாசிச்சிருக்காரான்னு கேட்டுட்டு வாங்க" என்று. நம்ம ஆளாம். அவள் இறந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான், நாக்கு நுனி வரை வந்தது, அதற்குள் ஜெபராணி கையை நீட்டிப் பெட்டியை வாங்கி அதன் விலாவிலிருந்து கதை ஏற்றுகிற சின்ன மெமரி அட்டையை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டாள். "உக்காருங்க, மெதுவாத்தான் ஏறும், இன்னைக்கு இந்த மிஷினுக்கு உடம்பு சரியில்ல." உட்கார்ந்தேன். திரையில் பச்சைக் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் ஏறிக்கொண்டிருக்கிறான். அவள் இல்லாத வீட்டுக்கு வர இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஏறுகிறான். சொல்லிவிடலாம், அம்மா, வேண்டாம், கேட்க ஆள் இல்லை என்று. சொன்னால் ஜெபராணி நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாள், ஐயையோ என்பாள், அப்புறம் அவளே அவனுக்குச் சொல்லிவிடுவாள். அவனுக்குத் தெரியக்கூடாது என்று இருந்தது எனக்கு. இது ஒன்றாவது என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

எனக்கு முன்னால் அவள் காதுக்கு வேறு யாரும் வாசித்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் டிப்போவில் டயர் கழற்றுகிற வேலைக்கு வந்த பிறகுதான் பஸ் நெற்றியில் மாட்டுகிற ஊர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினேன், சாத்தூரில் வருகிற சாவும் சாயல்குடியில் வருகிற சாவும் ஒன்று என்று கண்டுபிடித்த அன்றைக்கு டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு வரியை முதலில் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன், உதடு அசையும், அப்புறம்தான் வாய்விட்டுச் சொல்வேன். குருவம்மாளுக்குக் கண் மங்கினதும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் வாசிக்க அவள் பூண்டு உரித்துக்கொண்டு கேட்பாள். ஒரு வரி சொல்வேன், நிற்பேன், அவள் ஒரு பல் உரித்து முறத்தில் போடுவாள், அடுத்த வரி சொல்வேன். அவளுக்குச் சலிப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே கிடையாது. பிறகு இந்தப் பெட்டி வந்தது. நான்தான் வாங்கி வந்தேன், நானேதான் கொண்டுவந்து வைத்தேன், பொத்தானில் விரலை வைத்து இது ஓட, இது நிற்க என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். முதல் நாள் அவன் குரல் வந்தது. வாசிப்பவர் திருமேனிநாதன் என்று தன் பெயரையே யாரோ பெரிய மனிதரை அறிமுகப்படுத்துகிற மாதிரி சொன்னான். குருவம்மாள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பூண்டு உரித்தாள், அவனுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் முகம் கழுவி, தலை வாரிப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு அப்புறம்தான் பொத்தானை அமுக்குவாள். "யாரு வராங்கன்னு சீவிக்கிற?" என்று கேட்டேன். "சும்மா இருங்க, கேக்கும்போது தலை அரிக்குது" என்றாள். எனக்கு வாசிக்கும்போது அரிக்காத தலை. ஒரு நாள், "அவருக்கு என்ன வயசிருக்கும்?" என்றாள். கிழவன் என்றேன். "இல்லல்ல, பேசுறதுல பல்லெல்லாம் இருக்கு" என்றாள். அவன் வாயில் எத்தனை பல் என்று வரைக்கும் போய்விட்டாள். அன்று சாயங்காலம் கண்ணாடியில் என் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டேன், இப்போது அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"யாரு, சங்கிலி அண்ணாச்சியா?" என்று குரல் கேட்டது. வேதமுத்து சார், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும், ஆனால் நான் உட்கார்ந்தல்லவா இருந்தேன். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" "டயர் வாடை ரிட்டயர் ஆகலையே அண்ணாச்சி உம்மகிட்ட" என்றார். ஜெபராணி சிரித்தாள். அவர் என் பக்கத்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, "திருமேனி வந்திருக்காரா?" என்றார், ஏதோ ஆளே வந்திருக்கிற மாதிரி. வந்துகிட்டே இருக்காரு சார், இன்னும் பாதிதான் ஏறியிருக்கு என்றாள் ஜெபராணி. "இந்தத் தடவை ஆளு மாறிட்டாரு அண்ணாச்சி. நான் நேத்தே ஒண்ணு கேட்டுட்டேன். முன்னாடியெல்லாம் எக்ஸ்பிரஸ் மாதிரி போவாரு. இப்ப நின்னு நின்னு போறாரு. எனக்கு முதல்ல எரிச்சலா வந்துச்சு, அப்புறம் பாத்தா அந்த நிறுத்தத்துலதான் கதையே ஓடுது. உங்க வீட்டம்மா என்ன சொல்லுவாங்க?" நான் திரையில் ஊர்கிற பச்சைக் கோட்டைப் பார்த்தேன். "உம்மகிட்ட கேட்டா என்ன தெரியும், நீர்தான் அவர் குரல் கேட்டாலே எந்திரிச்சு வெளியே போயிருவீராமே. வீட்டம்மாதான் சொன்னாங்க, எங்க வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டா ஆகாதுன்னு." அதையும் சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான் இருந்திருக்கிறது அவளுக்கு. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற மாதிரி, கரண்ட் பில் கட்டப் போகிற மாதிரி எழுந்து போனதெல்லாம் எதற்கென்று தெரிந்துகொண்டுதான் அந்த உள்ளங்கையைக் காட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. ஏதாவது சாக்குச் சொல்லிப் போவேன், தெருமுனை வரை போய் நின்று, இப்போது முடிந்திருக்குமா இப்போது முடிந்திருக்குமா என்று திரும்பி வருவேன். வேதமுத்து சாருக்குத் தெரிந்திருக்கிறது, ஜெபராணிக்கும் தெரிந்திருக்கும், அப்படியானால் அவனுக்கும்.

"சரியா ஏறியிருக்கான்னு பாத்துருவோம்" என்று ஜெபராணி ஒயரைப் பிடுங்கிவிட்டாள். குரல் அறை முழுக்க வந்தது. கேட்காரன் கதை, இரண்டாம் பாகம், வாசிப்பவர் திருமேனிநாதன். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பியது. அவன் முதல் வரியை வாசித்தான். கேட்காரனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அப்புறம் நின்றான். ஒன்றுமே இல்லை, மூச்சு விடுகிற சத்தம் கூட இல்லை. பிறகு அடுத்த வரி. நின்றான். அதற்கடுத்த வரி. உட்கார்ந்துவிட்டேன். அந்த நிற்கிற இடத்தில் என் உதடு தானாக அசைந்தது. அடுத்த வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வரி எதுவும் என் முன்னால் இல்லை, ஆனாலும் அசைந்தது. அது என்னுடையது. அந்த நிறுத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன், என் வீட்டு மத்தியானத்திலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், முறத்தில் பூண்டு விழுகிற சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு. "யாரு சொல்லிக் கொடுத்தது அவருக்கு?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல, செய்தித்தாள் படிக்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உங்களுக்குத் தெரியாதா? அம்மாதான்" என்றாள் ஜெபராணி. "எல்லாப் புத்தகத்துக் கடைசியிலயும் அவர் நம்பர் சொல்லுவாரு, குறை இருந்தா கூப்பிடுங்கன்னு. இவங்கல்லாம் கூப்பிட்டுச் சொல்லுவாங்க, எழுத்து விழுங்குறீங்க, பேரைத் தப்பாச் சொல்றீங்கன்னு. அம்மா கூப்பிட்டு, ரொம்ப விரட்டுறீங்க சார், எங்க வீட்டுக்காரர் ஒரு வரிக்கு அப்புறம் நிப்பாரு, அவர் நிக்கும்போது நான் முன்னாடி வரியை ஒருக்கா பாத்துக்குவேன், நீங்க நிக்க மாட்டேங்குறீங்க, எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுன்னு சொன்னாங்களாம்." ஒயர் அவள் காதில் இருந்ததால் எந்தப் புத்தகத்தின் கடைசியையும் நான் கேட்டதே இல்லை. எப்போது கூப்பிட்டாள்? நான் தெருமுனையில் நின்ற நேரத்திலா? என் போனிலிருந்துதான் கூப்பிட்டிருக்க வேண்டும், வீட்டில் வைத்துவிட்டுப் போவேன், வேறு போன் கிடையாது. என்ன குரலில் பேசினாள்? சார் என்றா சொன்னாள்? என்னைப் பற்றித்தானே பேசினாள் என்று ஆறுதல் சொல்ல யாராவது வந்தால் அடித்துவிடுவேன். நான் எழுத்துக் கூட்ட முடியாமல் நின்ற இடத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை என்னிடம் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னாள். வீட்டில் இருந்த ஒரே பண்டத்தை எடுத்து அடுத்தவன் கையில் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டாள்.

"அவர் தினம் கேக்குறாரு அண்ணாச்சி, குருவம்மாம்மா கேட்டாங்களா, சரியா இருக்குதான்னு சொன்னாங்களான்னு. அம்மா சரின்னு சொன்ன பிறகுதான் மத்ததையும் இப்படி வாசிப்பாராம். இன்னைக்குத்தான் எடுத்துட்டுப் போறீங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று சொல்லிக்கொண்டே ஜெபராணி போனில் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. அந்தப் பக்கம் ஹலோ என்றான். சளி பிடித்த குரல், அதற்குப் பின்னால் குக்கர் விசில், யாரோ ஒரு பெண் என்னங்க அடுப்பை அணைங்க என்கிறாள். அவனுக்கு வீட்டில் என்னங்க என்று கூப்பிட ஆள் இருந்தது. "நான் குருவம்மா வீட்டுக்காரர்" என்றேன். "ஐயா, நீங்களா! உங்ககிட்ட பேசணும்னு எத்தனை நாளா நினைச்சிட்டு இருக்கேன். அம்மா கேட்டாங்களா?" என்றான். ஐயா என்கிறான், என்னைவிடச் சின்னவன், பல்லெல்லாம் இருக்கத்தான் செய்யும். கேட்டாள் என்றேன். என்ன சொன்னாங்க என்றான். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, "பிடிக்கலைன்னு சொல்லிட்டா" என்றேன். ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள். வாயில் வெல்லம் வைத்த மாதிரி இருந்தது எனக்கு, "நிக்கிறது நல்லா இல்லையாம். உங்களுக்கு அது வரலையாம்" என்று கூடச் சேர்த்துச் சொன்னேன். அவள் குரலிலேயே சொன்னேன், கொஞ்சம் இழுத்து. அந்தப் பக்கம் குக்கர் அடங்கியிருந்தது. "அப்படியா" என்றான். பிறகு, "சரிங்கய்யா. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பழைய மாதிரியே திரும்ப வாசிச்சு அனுப்பிடறேன். இப்ப வந்திருக்கிறதை அழிச்சிடச் சொல்லிடறேன். ஜெபராணி மேடம்கிட்ட குடுங்க" என்றான். போனை நான் கொடுக்கவில்லை. ஜெபராணி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அழித்துவிடுவான். சொன்ன வார்த்தைக்கு அப்படியே கட்டுப்படுகிறவன், அவள் சொன்னாள் என்று நிறுத்தத்தை வைத்தவன், அவள் சொன்னாள் என்று எடுத்தும்விடுவான், திரும்ப எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுவான், மூணு புத்தகத்திலிருந்தும் எங்கள் மத்தியானம் போய்விடும், உலகத்தில் வேறு எங்கேயும் அது கிடையாது. நான் ஒருத்தருக்கும் இப்போது வாசிப்பதில்லை. எனக்கு நானே வாசித்தாலும் நின்று பார்க்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. "இருங்க" என்றேன். "ஐயா?" "அழிக்காதீங்க. அவ சொல்லல. அவ கேக்கவே இல்ல." என்னால் அதற்கு மேல் மரியாதையாகச் சொல்ல முடியவில்லை. "செத்துப் போயிட்டா. முதல் பாகம் கேட்டுகிட்டு இருக்கும்போதே போயிட்டா. உங்க வாயைப் பாத்துகிட்டுத்தான் போனா."

வேதமுத்து சார் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தார். போனில் அவன் அழுகிறானா, சளியா, தெரியவில்லை. அழுதால் எனக்குப் பிடிக்காது. அவன் எதற்கு அழ வேண்டும், ஒரு தடவை கூட அவள் முகத்தைப் பார்த்திராதவன். எந்த இடத்துல என்று கேட்டான் கடைசியில். ஆடு கொடியைத் தின்னுமே, அதுக்கும் கேட்காரனைத் தேடி ஆள் வருமே, அதுக்கும் நடுவுல என்றேன். "அந்த இடம் வாசிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்து ரெண்டு தடவை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சேன்யா" என்றான். அது எனக்குத் தெரியாது. நான் அத்தனை தடவை கேட்டும் அது எனக்குத் தெரியவில்லை. அவன் சிரித்திருக்கிறான், அவள் சிரித்திருக்கிறாள், ஒரே இடத்தில், நான் கடைத்தெருவில் இருந்தேன். போனை ஜெபராணியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாக, ஆமா சார், எனக்கும் இப்பத்தான் சார், இருக்கட்டும் சார் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து, "ஏன் அண்ணாச்சி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள். மஞ்சள் பையை மடித்தேன். அவன் என்னிடமிருந்து வாங்கியதற்கு மேல் இன்னும் ஒன்றை வாங்கிவிடுவான் என்று பயந்தேன், வாங்கியும்விட்டான்.

பெட்டியை வெளியே கொடுப்பது பார்வையில்லாதவர்களுக்கு மட்டும்தான் என்று ஜெபராணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். தெரியும்மா, கொடுக்கத்தான் வந்தேன் என்றேன். "இங்கேயே உக்காந்து கேக்கறதா இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." வேதமுத்து சார், "அந்த ஜன்னல் பக்கம் போங்க அண்ணாச்சி, அங்கதான் தெருச் சத்தம் கம்மி" என்றார், தன் இடத்தை விட்டுக் கொடுக்கிற மாதிரி. போய் உட்கார்ந்தேன். ஒயரைக் காதில் மாட்டிக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை, ஜெபராணிதான் மாட்டிவிட்டாள். வாசிப்பவர் திருமேனிநாதன் என்றான் திரும்பவும், அந்தப் பெரிய மனிதத் தோரணை மட்டும் மாறவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. கேட்காரனும் மனைவியும் சாமான்களைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு புது ஊருக்குப் போகிறார்கள், ஆட்டைக் கொண்டுபோக அனுமதி இல்லை என்கிறார்கள், அவள் அதைச் சேலையால் மூடி மடியில் வைத்துக்கொள்கிறாள். இதற்குக் குருவம்மாள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிற அளவுக்கு அவன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் இடம் விட்டிருந்தான். எல்லா வரிக்கும் ஒரே அளவு விட்டிருந்தான், நான் அப்படி விடமாட்டேன், ஆனாலும் விட்டிருந்தான். முதல் அத்தியாயம் முடிந்தது. நூலகம் மூடப்போவதாக மணி அடித்தார்கள், ஜெபராணி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் பாகத்தில் இன்னும் பதினேழு அத்தியாயம் இருக்கிறது.